உறையக் கூடாத மருந்து

கிழக்குக் கரைச் சாய்ந்தமருதில் மீன் லொறி ஓட்டியவர்களுக்குள் சரீப்புக்குத் தனிப் பேர் இருந்தது. அவன் ஏற்றிப்போகும் மீன் கொழும்புச் சந்தையில் இறங்கும்போதும் செவுள் சிவப்பாகவே இருக்கும். மற்றவர்கள் ஐஸைக் கண்டபடி கொட்டிவிட்டு மூடுவார்கள். சரீப் ஒரு படை ஐஸ் போட்டு, அதன்மேல் ஒரு கை உப்புத் தூவி, பிறகு ஒரு படை மீன் என்று பெட்டியைக் கட்டி எழுப்புவான். உப்புப் பட்ட ஐஸின் கடி வெறும் ஐஸை விடக் கடுமை என்பதை மீசை முளைக்க முந்தியே அவன் கை படித்திருந்தது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வெறும் லொறியோடு மகியங்கனை மலைவளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தான். ஊர் வந்து சேர்ந்தபோது கடற்கரைப் பக்கத்தில் தெருக்களே இல்லை. மனைவியைப் பள்ளிவாசல் முற்றத்தில் கிடத்தியிருந்த உடல்களுக்குள் கண்டெடுத்தான். மகன் கிடைக்கவேயில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் அவன் எந்தக் கூரைக்குக் கீழும் போகவில்லை. லொறியில் சாப்பிட்டு, லொறியில் படுத்து, ஓட்டம் இல்லாத நாளிலும் லொறிக்குள்ளேயே இருந்தான்.

அவனை அதிலிருந்து இறக்கியவள் ஹுஸ்னியா. அவளுடைய முதல் புருசனையும் அதே கடல்தான் கொண்டுபோனது. அவளுடைய தாய் சபியா உம்மா வந்து கல்யாணம் பேசியபோது, "ரெண்டு பேரையும் கடல் பாதி திண்டுட்டு விட்டிரிக்கி. சேத்து வெச்சா ஒரு முழு ஆள் வரும்" என்றா. சரீப் சிரித்துவிட்டான். சுனாமி வீட்டுத் திட்டத்தில் கிடைத்த சின்ன வீட்டில் இருவரும் குடும்பம் தொடங்கினார்கள். ஹுஸ்னியா வாய்க்காரி. புருசன் ஓட்டம் முடிந்து வருகிற சத்தம் கேட்டதும், படலையடியிலேயே நின்று, ஊரில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துத்தான் உள்ளே விடுவாள். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருந்தது. ஊசியை ஒரு நாள் போட்டால் மூன்று நாள் மறப்பாள். தேத்தண்ணிக்கு மட்டும் சீனியை மறந்ததேயில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்தில் நின்ற நாட்களில், அவளுக்குக் கன்னத்தில் ஒரு நோ தொடங்கியது. பல்வலியென்று கிராம்பு வைத்தாள். மூக்கு அடைத்தது. ஒரு காலையில் இடக் கண் வீங்கிப்போய் எழும்பினாள்.

"இஞ்சாருங்க, எனக்கு ரெண்டு சரீப் தெரியிது. ஒரு ஆளையே சமாளிக்க ஏலாமக் கிடக்கன்" என்று அப்போதும் பகிடி விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கனகசிங்கம் அவளுடைய மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கரி அப்பியதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. பார்த்தவர் உடனே வெளியே போய்ச் சத்திரசிகிச்சை அறையை ஆயத்தப்படுத்தச் சொன்னார். அன்றைக்கே செத்த தசையைச் சுரண்டி எடுத்தார்கள்.

"மண்ணுல காத்துல இருக்கிற பூஞ்சணம்தான்" என்று பிறகு சரீப்பைக் கூப்பிட்டுச் சொன்னார். "நல்ல உடம்ப அது ஒண்டும் செய்யாது. சீனி கூடிக் கிடந்த உடம்புல வேர் விட்டுட்டுது. கண்ணுக்குப் பின்னால போய்ட்டுது. மூளைக்குப் போக முந்தி மறிக்கணும்."

அதற்கான மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. குளுக்கோஸ் திரவத்தில் கலந்து ஏற்றினார்கள். ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹுஸ்னியாவுக்கு நடுக்கம் பிடித்தது. கட்டிலின் இரும்புக் கால் சீமெந்துத் தரையில் தடதடவென்று அடித்தது. சபியா உம்மா மகளின் மேல் குப்புற விழுந்து அமத்திப் பிடித்துக்கொண்டா. ஒவ்வொரு நாளும் மருந்து ஏறும் நேரம் வந்தால் வாட்டிலிருந்த மற்ற நோயாளிகள் மறுபக்கம் திரும்பிப் படுத்தார்கள். ஹுஸ்னியாவின் பகிடி நின்றது. மெல்லமெல்லச் சலம் போவதும் குறைந்தது. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் களைத்துக்கொண்டு வருவது தெரிந்தது.

"மருந்து பூஞ்சணத்தக் கொல்லுது சரீப். கிட்னியையும் சேத்துக் கொல்லுது" என்றார் டொக்டர். "நிப்பாட்டினா பூஞ்சணம் மூளைக்குப் போகும். நிப்பாட்டாட்டிக் கிட்னி போகும்."

"கொழும்புக்குக் கொண்டுபோக ஏலாதா சேர்?"

"ஆளைக் கொண்டுபோகேலாது. மலை ரோட்டைத் தாங்கமாட்டா. மருந்தத்தான் கொண்டு வரணும். இதே மருந்துதான், வேற விதமாச் செஞ்சது ஒண்டு அங்க இருக்கு."

அது என்ன வேறு விதம் என்பதை ஆஸ்பத்திரி மருந்தாளர் ஸைனுலாப்தீன்தான் சரீப்புக்கு விளங்கப்படுத்தினார். சரீப்பை விட இளையவர், அவனுடைய தெருக்காரர், அவனை அண்ணனாகக் 'காக்கா' என்பவர். மருந்து கொடுக்கும் யன்னலைப் பூட்டிவிட்டு வெளியே வந்து வாங்குப் பலகையில் பக்கத்தில் அமர்ந்தார்.

"தேங்காய்ப்பால் பாத்திரிக்கீங்கதானே காக்கா. தண்ணிக்குள்ள எண்ணெய் சின்னச் சின்னத் துளியா மிதக்கிறதாலதான் அது வெள்ளையாத் தெரியிது. இதுவும் கொழுப்புத் துளி மாதிரித்தான். ஆனா உள்ளுக்குக் கோறையான குமிழி. மருந்து அந்தக் குமிழிட தோலுக்குள்ள செருகிக் கிடக்கும். உங்கட தலைமயிர் ஒண்ட நீட்டுவாக்குல ஆயிரமாக் கிழிச்சா ஒரு கிழிசல் வருமே, அந்தத் தடிப்புத்தான் ஒரு குமிழி."

"அதுல என்ன லாபம்?"

"வெறும் மருந்து ரத்தத்துல இறங்கினா கண்டதையெல்லாம் புடிச்சுக் கடிக்கும். குமிழிக்குள்ள இரிக்கிற மருந்து கிட்னிப் பக்கம் கை வெக்காம ரத்தத்தோட சுத்தும். நோய் புடிச்ச இடத்துல ரத்தக் குழாயெல்லாம் ஓட்டையாகிக் கிடக்கும். அதால ஒழுகி வெளிய வந்து, பூஞ்சணத்துல ஒட்டி, அங்க போய்த்தான் உடையும்."

சரீப் யோசித்தான். "அப்ப அதுவும் லொறி மாதிரித்தான். இறக்கிற இடத்துல மட்டும் சாமான இறக்குது."

"லொறிக்காரனுக்கு இடம் தெரியும் காக்கா. இதுக்கு ஒண்டும் தெரியா. ஓட்டை இரிக்கிற இடத்தால ஒழுகுது, ஒட்டுற சாமான்ல ஒட்டுது. அவ்வளவுதான். ஆனா அது போதும்."

கொழும்பில் மருந்து இறக்குமதி செய்கிற ஒரு கம்பனியின் குளிர்க் களஞ்சியத்தில் கொஞ்சம் இருந்தது. ஆஸ்பத்திரி கதைத்து ஒழுங்குசெய்துவிட்டது. ஆஸ்பத்திரி வாகனம் கிடைக்க நாளெடுக்கும் என்றார்கள். சரீப் அதற்கு நிற்கவில்லை. விடியலில் சுபஹ் தொழுத கையோடு லொறியை எடுத்தான்.

மீன் லொறி மீன் இல்லாமல் கொழும்புக்குப் போவது அந்த நாட்களில் லேசான காரியமில்லை. இராணுவச் சாவடிக்குச் சாவடி மறித்தார்கள். ஏன் வெறும் பெட்டி, யாரைப் பார்க்கப் போகிறாய், யார் அனுப்பியது என்று கேட்டார்கள். சந்தையில் பழகிய சிங்களத்தில் சரீப் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே பொய்போலக் கேட்கத் தொடங்கியது.

களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் தங்கேஸ்வரி என்ற பெண். சண்டை நடக்கிற வன்னிப் பக்கத்திலிருந்து படிக்க வந்து கொழும்பிலேயே வேலையாகிப் போனவர். குளிரறைக்குள்ளிருந்து மருந்துக் குப்பிகளைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மஞ்சளாய், கலங்கலாய் ஒரு திரவம். அவற்றை வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிவரக் குளிர்ப்பைகளை அடுக்கி, நடுவில் ஒரு தெர்மாமீற்றரின் கம்பியைச் செருகி, அதன் முகத்தை வெளியே தெரியும்படி ஒட்டினார்.

"ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவில நிக்கவேணும் அண்ணை. எட்டுக்கு மேல போனாலும் பழுது. உறைஞ்சாலும் பழுது. உறையவே விடக்கூடாது, விளங்குதே?"

"ஓம் மிஸ். குளிர்ல கொண்டுபோறது என்ட தொழில்" என்றான் சரீப். அதைச் சொன்னபோது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

கண்டி கடந்து மகியங்கனை வரைக்கும் தெர்மாமீற்றர் முள் நாலில் நின்றது. மகாஓயாவுக்கு இப்பால் ஒரு சாவடியில் லொறியை ஓரங்கட்டச் சொன்னார்கள். பெட்டியை இறக்கித் தாரில் வைத்தார்கள். மூடியைத் திறந்த இளம் சிப்பாய் மஞ்சள் குப்பிகளைக் கண்டதும் ஓரடி பின்னால் போனான். இன்னொருவன் வந்து கம்பியொன்றால் பெட்டியின் அடிவரை குத்திப் பார்த்தான். குளிர்ப்பைகள் பொத்துக்கொண்டு நீலக் களி வழிந்தது. தெர்மாமீற்றர்க் கம்பி அறுந்தது. பெரியவரைக் கூப்பிட ஒருவன் போனான். மூடி திறந்தபடியே வெயிலில் கிடந்தது.

"மாத்தயா, மூடியை மட்டும் வைக்கட்டா?" என்று சரீப் கேட்டான்.

"கையை எடு!"

கையை எடுத்தான். வெயில் குப்பிகளின் கழுத்தில் பட்டு மின்னியதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் ஆடியசைந்து வந்து, ஆஸ்பத்திரி தந்த கடிதத் துண்டை வாசித்து, போகலாம் என்று கையைக் காட்டும்போது அவனுடைய சட்டை தொப்பலாகியிருந்தது.

கொஞ்சத் தூரம் ஓடியதும் ஒரு சந்தியில் மீன் விற்கிற கொட்டில் தெரிந்தது. சரீப் லொறியை அடித்து நிறுத்தினான். நொறுக்கிய ஐஸ் வாங்கினான். உப்பும் வாங்கினான். குப்பிகளை அவை வந்த கடதாசிப் பெட்டியோடு ஒரு பைக்குள் கட்டி, கீழே ஐஸ், மேலே ஐஸ், ஒவ்வொரு படைக்கும் ஒரு கை உப்பு என்று ஆயுள் முழுக்கச் செய்ததையே செய்தான். வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தபோது விரல் மரத்தது. 'அல்ஹம்துலில்லாஹ், இனி வெயில் ஒண்டும் செய்யாது' என்று மனம் ஆறி, அம்பாறை ரோட்டில் லொறியை மிதித்தான்.

ஆஸ்பத்திரியில் ஸைனுலாப்தீன் பெட்டியைத் திறந்தார். பையை அவிழ்த்தார். ஓரத்தில் இருந்த ஒரு குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை.

"காக்கா, உப்புப் போட்டீங்களா?"

"போட்டன். நல்லாக் குளிரட்டும் என்டு..."

ஸைனுலாப்தீன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சரீப்புக்குத் தாங்கியிருக்கும். அவர் ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, கவிழ்த்து, இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டே போனார். உறைந்த பக்கம் கூடிக்கொண்டே வந்தது.

"உருகினாச் சரிவராதா தம்பி? உருகினா மறுகா தண்ணிதானே?"

"தண்ணி உறையக்குள்ள ஊசி ஊசியாப் படியும். அந்த ஊசி குமிழிட தோலக் கிழிச்சுப் போடும். உருகினாலும் தோல் ஒட்டாது. மருந்து வெளிய வந்துடும். மறுகா அது பழைய மருந்துதான். அதுவும் கட்டிகட்டியா. அத ரத்தத்துக்குள்ள விடேலாது."

சரீப் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். சுனாமியன்று பள்ளிவாசல் முற்றத்தில்கூட அவனுக்கு இப்படி இருக்கவில்லை. அன்றைக்கு நடந்தது கடல் செய்தது. இது அவனுடைய கை செய்தது.

டொக்டர் கனகசிங்கம் வந்தார். நடுவில் இருந்த குப்பிகள், மற்றக் குப்பிகளால் சூழப்பட்டிருந்ததாலோ என்னவோ, உறையாமல் கிடந்தன. அவற்றைத் தனியே எடுத்து மெல்ல ஆட்டினார்கள். கட்டியில்லை, ஒரே சீரான மஞ்சள். "ஆனா இதுவும் வெயில்ல கிடந்ததுதானே" என்றார் ஸைனுலாப்தீன். டொக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வாட்டுப் பக்கம் பார்த்தார். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, தங்கேஸ்வரியிடம் எவ்வளவு நேரம் மூடி திறந்திருந்தது என்று சரீப்பையே சொல்ல வைத்தார். தங்கேஸ்வரி விசாரித்துவிட்டு, அந்தளவு வெயிலை மருந்து பொறுக்கும், உறையாதது நிச்சயமென்றால் பாவிக்கலாம் என்றார். டொக்டர் தொலைபேசியை வைத்துவிட்டு, "முதல்ல கொஞ்சமா, மெதுவா" என்றார்.

மருந்து ஏறத் தொடங்கியது. டொக்டர் போகவில்லை, கட்டிலடியிலேயே நின்றார். சபியா உம்மா வழக்கம்போல மகளை அமத்திப் பிடிக்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குனிந்து நின்றா. சரீப் கட்டிலின் இரும்புக் காலையே பார்த்தான். துளி விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரி மறுபக்கம் திரும்பிப் படுத்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

கால் அசையவில்லை.

"உம்மா," என்றாள் ஹுஸ்னியா கண்ணைத் திறக்காமலே. "எதுக்கு மேல வந்து நிக்கீங்க? மூச்சு முட்டுது."

சபியா உம்மா கைகளை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டா.

நாள் போகப்போகச் சலம் மறுபடி இறங்கியது. வீக்கம் ஏறாமல் நின்றது. ஆனால் உறையாமல் தப்பிய மருந்து பாதி வைத்தியத்துக்குத்தான் வரும். இடையில் விட்டால் வேர் மறுபடி ஓடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தரம் போகவேண்டும். இந்த முறை ஆஸ்பத்திரி வாகனத்தில் ஆள் அனுப்புவோமா என்று ஸைனுலாப்தீன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான்தான் பழுதாக்கினன், தம்பி. நானே போறன்" என்றான் சரீப்.

அவன் கொழும்புக்குள் நுழைந்த அன்றைக்குத்தான் சண்டை முடிந்துவிட்டதென்று அறிவித்தார்கள். தெருவெல்லாம் வெடி. ஓட்டோக்களில் கொடி. சந்திக்குச் சந்தி பெரிய தட்டுகளில் கிரிபத் பாற்சோறு வைத்துப் போகிறவர் வருகிறவருக்கு ஊட்டினார்கள். மருந்துக் களஞ்சியத்தின் இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. காவலாளி கொடியொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள், நாளைக்கும் லீவுதான் என்றான். பூட்டின் திறப்பு தங்கேஸ்வரியிடம்.

காவலாளியிடம் இலக்கம் வாங்கி, தொலைபேசியில் அவரிடம் வந்த விசயத்தைச் சொன்னான். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு, "என்னால இண்டைக்கு வெளியில வரேலாது அண்ணை" என்றார்.

"வெளங்குது மிஸ். நான் வாசலுக்கே வாறன். லொறியில கூட்டிக்கொண்டு போய், திருப்பிக் கொண்டாந்து விடுறன்."

"உங்களுக்கு விளங்காது. என்ர தம்பி அங்கை. முள்ளிவாய்க்கால் பக்கம். மாசியில கதைச்சது. நான் இந்த ஃபோனுக்குப் பக்கத்தில இருக்கவேணும்."

மகனைத் தேடி அவன் லொறியில் கிடந்த நாட்களில், யாராவது வந்து ஒரு வேலை சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான்? "சரி மிஸ்" என்று மட்டும் சொன்னான். ஆனால் தொடர்பைத் துண்டிக்கவும் கை வரவில்லை. அவரும் துண்டிக்கவில்லை. தெருவில் வெடி ஒன்று கிளம்பி ஓய்ந்தது. அதன் சத்தம் தொலைபேசியின் அந்தப் பக்கத்திலும் கேட்டிருக்க வேண்டும்.

"அவக்கு இன்னும் எத்தினை நாளைக்கு மருந்து இருக்கு?" என்று கேட்டார் தங்கேஸ்வரி.

"நாளைக்கு ஒரு தரம் ஏத்தலாம். அவ்வளவுதான்."

"வெள்ளவத்தைக்கு வாங்கோ."

லொறியின் முன் இருக்கையில், தமிழென்று தெரியாமலிருக்கப் பொட்டை அழித்த நெற்றியோடு, கைத்தொலைபேசியை மடியில் மல்லாத்தி வைத்தபடி அவர் வந்தார். காலி வீதியில் ஒரு கூட்டம் லொறியை மறித்துக் கண்ணாடியைத் தட்டியது. ஒரு பையன் தட்டை நீட்டினான். சரீப் கிரிபத் துண்டொன்றை எடுத்து வாயில் போட்டான். தங்கேஸ்வரியும் எடுத்தார். எடுத்ததை விழுங்காமல், கூட்டம் கடக்கும்வரை வாய்க்குள்ளேயே வைத்திருந்து, பிறகு கைலேஞ்சியில் துப்பினார். சரீப் பார்க்காததுபோல ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

குளிரறைக்குள் போனதும் அவருடைய கைகள் தம் வேலையைத் தாமே செய்யத் தொடங்கின. குப்பிகளை அவற்றின் பெட்டியோடு நடுவில் வைத்தார். சுற்றிவரத் தடிப்பாகப் பத்திரிகைக் கடதாசி. அதற்கு வெளியேதான் குளிர்ப்பைகள்.

"ஐஸ் குப்பியில முட்டவே கூடாது. முள் ஏழுக்கு வந்தால் மட்டும், கடதாசிக்கு வெளியில கொஞ்சம் போடுங்கோ. உப்பு..."

"உப்புக் கடைப் பக்கமே போகமாட்டன்" என்றான் சரீப்.

அவருடைய முகத்தில் சிரிப்புப்போல ஒன்று வந்து போனது. அப்போது தொலைபேசி ஒலித்தது. பாய்ந்து எடுத்தார். கம்பனிக்காரர், விடுமுறையைப் பற்றி. "ஓம் சேர், ஓம் சேர்" என்று சொல்லி வைத்துவிட்டு, பெட்டியின் மூடியை நாடாவால் இறுக்கி ஒட்டினார். ஒட்டின இடத்தையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியில் சரீப்புக்கு இரண்டு கண்ணும் இரண்டு வேலை பார்த்தன. ஒன்று ரோட்டில், ஒன்று முள்ளில். கண்டிக் குளிரில் முள் மூன்றில் நின்றது. மலையால் இறங்க இறங்க அது ஏறியது. நாலு. ஐந்து. சமவெளியின் வெக்கை லொறிக்குள் அடுப்புப்போல அடித்தது. பின்னால் மீன் பெட்டிக்குள் நொறுக்கிய ஐஸ் கிடந்தது. அள்ளிக் கொட்டு கொட்டு என்று கை அரித்தது. கையை ஸ்டியரிங்கில் இறுக்கிக்கொண்டு, ஏழு வரட்டும், ஏழு வரட்டும் என்று வாய்விட்டே சொன்னான்.

ஏழு வந்தது ஒரு சின்னப் பட்டினத்தின் நடுவில். வந்த இடத்தில் லொறியை நிறுத்த அவன் நினைக்க முன்னமே ஊர் அவனை நிறுத்திவிட்டது. ரோட்டை மறித்து ஆட்டம். ஒருவன் பொனற்றில் ஏறிக் கொடி கட்டினான். இன்னொருவன், குடித்திருந்தவன், மருந்துப் பெட்டி இருந்த இருக்கைப் பக்கத்துக் கதவைத் திறந்து அதில் கை வைத்தான்.

"என்ன இது? பியரா?"

"பெஹெத், மல்லி" என்றான் சரீப். மருந்து, தம்பி. "ஆஸ்பத்திரிக்குப் போகுது."

"திற பார்ப்பம். முஸ்லிம் லொறிக்குள்ள என்ன மருந்து?"

நாடாவில் நகம் பட்டது. சரீப் பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து நெஞ்சால் கவிழ்ந்தான். தான் அப்படிச் செய்யப்போவது அவனுக்கே தெரியாது. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தையல் கிழிந்தது. அவன் எழும்பவில்லை. முள் அவனுடைய மூக்குக்கு நேரே இருந்தது. ஏழைத் தாண்டி அசைந்துகொண்டிருந்தது.

"விடு அவனை."

இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல் வைத்த ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். இளம் வயது, இராணுவ வெட்டில் தலைமயிர். வலக்கால் முழங்காலோடு நின்றிருந்தது. தெர்மாமீற்றர் முகத்தைக் குனிந்து பார்த்தான்.

"இது குளிரில வைக்கிற மருந்து. எனக்கும் வாட்டில இப்படித்தான் கொண்டுவந்தாங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, சரீப்பிடம், "யாருக்கு?" என்றான்.

"என்ட பொஞ்சாதிக்கு."

அவன் ஊன்றுகோலொன்றைத் தூக்கி ரோட்டைக் காட்டினான். குடித்திருந்தவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினான். ஊர் எல்லை தாண்டியதும் சரீப் நிழலொன்றில் லொறியை நிறுத்தி, பின்னாலிருந்து இரண்டு கை ஐஸ் மட்டும் எடுத்து, பெட்டியைத் திறந்து, கடதாசிக்கு வெளியே தூவி மூடினான். நாடாவை ஒட்டிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையாமல் நின்றது. பிறகு மெல்லக் கீழே வந்தது. ஐந்து என்று கண்ட பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

ஸைனுலாப்தீன் குப்பிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். எல்லாம் அசைந்தன.

ஹுஸ்னியா தப்பினாள். சிறுநீரகம் இரண்டும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தன. இடக் கண் பார்வை திரும்பவில்லை. பூஞ்சணம் அதன் வேரைத் தின்றுவிட்டிருந்தது. நோன்புக்கு முந்தி வீட்டுக்கு வந்தாள். நோன்பு பிடிக்க டொக்டர் விடவில்லை என்பதற்காக ஒரு கிழமை அவரை ஏசினாள். ஊசியை இப்போது ஒரு நாளும் மறப்பதில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடும்போது மட்டும் சரீப் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தலையை முழுக்கத் திருப்பிப் பார்ப்பாள்.

அடுத்த மீன் ஓட்டத்தில் சரீப் நல்ல பாரை மீன் ஒன்றைத் தனியே ஐஸில் வைத்துக் கொண்டுபோனான். சந்தையில் இறக்கிவிட்டு நேரே வெள்ளவத்தைக்குப் போய்த் தங்கேஸ்வரியின் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா.

"அவ வவுனியாவுக்குப் போட்டா. காம்புகளில சனத்தக் கொண்டுவந்து விட்டிருக்கினமாம். வேலையையும் விட்டிட்டு ஒவ்வொரு காம்பாத் தேடிக்கொண்டு திரியிறா."

"தம்பியப் பத்தி ஏதும் தெரிஞ்சுதாமா?"

"இன்னும் ஒண்டுமில்லை."

சரீப் மீனை அவவிடமே கொடுத்து, "வந்தா சொல்லுங்க, சாய்ந்தமருது சரீப் வந்தது என்டு. பொஞ்சாதி சுகம் என்டு சொல்லுங்க" என்றான். லொறிக்கு வந்து ஏறினான். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து ஹுஸ்னியாவுக்கு அழைத்து, ஊருக்கு வர ஒரு நாள் பிந்தும், மருந்து தந்த மிஸ்ஸின் தம்பியைத் தேட வவுனியாப் பக்கமும் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

"போய்ட்டு வாங்க" என்றாள் அவள். "சாப்பிட்டுட்டுப் போங்க."